அந்துருண்டை அக்கா

அவள் சந்துக்குள் நுழைவதை முதலில் மூக்குதான் கண்டுபிடிக்கும். நாயுடுபுரத்தில் எங்கள் சந்தில் பத்து வீடுகள். காலையில் விறகுப் புகை, மத்தியானம் பூண்டு நெடி, சாயங்காலம் மறுபடியும் விறகுப் புகை. நடுவில் ஐந்தரை மணிக்கு, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த அந்துருண்டை வாசம் குப்பென்று வரும். "வந்துட்டா" என்று என் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. நல்ல பெயர்தான். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. சந்துக்கே அவள் அந்துருண்டை அக்கா.

கோடைக்கானலில் அப்போது வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஒரு கட்டிடம் நிறையச் செத்த மிருகங்களைப் பாடம் செய்து வைத்திருந்தார். சிறுத்தை, காட்டெருமைத் தலை, வரையாடு, கரடி, கண்ணாடிப் பெட்டிக்குள் பறவைகள், சீசாவுக்குள் தவளைகள். ஊரில் அதற்கு மிருக பங்களா என்று பெயர். அங்கே மிருகங்களைத் துடைப்பதும், பூஞ்சணம் சுரண்டுவதும், மாதத்துக்கு ஒருமுறை அந்துருண்டை மாற்றுவதும் அக்காவின் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு புலியின் பல்லைத் தேய்த்துவிடுகிற பெண் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்திதான் என்று சொல்லிக்கொள்வாள். அங்கே புலி கிடையாது, சிறுத்தைதான். ஆனால் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

நான் பழனிக்காரி. அடிவாரத்தில், கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் குடும்பம். ஐந்து வயதிலிருந்து நார் கிழித்து, மலர் வைத்து, முடிச்சுப் போட்ட கை. தீட்டு, மடி எல்லாம் பார்த்து வளர்ந்தவள். அப்படிப்பட்டவளைப் பூண்டு வியாபாரம் செய்யும் வில்பட்டிக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்து இந்தக் குளிருக்குள் கொண்டுவந்து போட்டார்கள். வந்த அன்றைக்கே அக்காவோடு முட்டிக்கொண்டது.

புதுப்பெண்ணைப் பார்க்க வந்த கூட்டத்தில் அவளும் வந்திருந்தாள். நான் நகைப் பாரத்தோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் முன்னால் வந்து குந்தி, என் கழுத்தையே உற்றுப் பார்த்தாள். அட்டிகையைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"இந்தக் கழுத்துக்குள்ள எத்தன எலும்பு தெரியுமா, புள்ள? ஏழு. யானைக்கும் ஏழுதான். எலிக்கும் ஏழுதான்" என்றாள்.

அத்தனை பேர் முன்னால், கல்யாணப் பெண்ணை எலியோடு சேர்த்தால் எப்படி இருக்கும்? எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவளோ என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "எங்கயாவது ஒரு எடத்துல ஒத்துப்போகும் பாரு" என்று பெரிய வாழ்த்துச் சொன்னவள் போல எழுந்து போனாள். அவள் தொட்ட தோள் என்பதற்காக அன்று வெந்நீர் போட்டுத் தலைக்குக் குளித்தேன். செத்த மிருகத்தைத் தொட்ட கை அல்லவா? அதற்குப் பிறகும் அவள் கை என்மேல் படும்போதெல்லாம் குளித்தேன். கோடைக்கானலில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வாக்கியம்தான் அவள். "எங்கயாவது ஒரு எடத்துல ஒத்துப்போகும் பாரு." எதைப் பார்த்தாலும் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்றைத் தேடிப் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் நிறுத்தாமல் அவளுக்குத் தூக்கம் வராது. என் வீட்டுக்காரர் டீயைச் சத்தம் போட்டு உறிஞ்சுவார். வாசலில் நின்றபடியே, "கரடி கரையான் புத்துல வாய வச்சு உறிஞ்சும்போது இதே சத்தந்தான் கேக்கும், தம்பி" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாமியார் வெற்றிலை மெல்லும்போது காட்டெருமை அசைபோடுவதைப் பற்றி ஆரம்பித்தாள். மாமியார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, தினமும் வந்து தானாகப் பேசிவிட்டுப் போனாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் சிலோன் தோட்டத்துக்குப் போனவன், போனவன்தான். இதைக்கூட ஒருநாள், "நீலகிரி மைனாவுக்கும் எனக்கும்" என்று எதையோ ஒப்பிட்டு அவளே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மைனா என்ன செய்யும் என்பது மறந்துவிட்டது.

அவளுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மழைக்காலம் முடிந்ததும் மிருகங்களையெல்லாம் வெளியே எடுத்து வெயில் காட்டவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் தின்றுவிடும். தை மாதத்தில் அந்தப் புல்வெளியைப் பார்க்கவேண்டும். சிறுத்தையும் கேளையாடும் கரடியும் வரிசையாக வெயில் காயும். வில்பட்டியிலிருந்து கேரட் கூடையோடு வந்த ஒரு அம்மாள், தெரியாமல் அந்த வழியாக வந்து, கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்.

ஒரு வருஷம், ஒவ்வொரு பெட்டியாக எடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டாள் அக்கா. பெயர் எழுதிய அட்டைகள் ஒரே குவியலாகக் கலந்துபோயின. படிக்கத் தெரியாதே, எது எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்? பாதிரியார் மதுரை போயிருந்தார். அவர் வருவதற்குள் அடுக்கியாகவேண்டும். எது எதோடு ஒத்துப்போகிறதோ அதை அதோடு வைத்துவிட்டாள். தேவாங்குக்குப் பக்கத்தில் ஆந்தை. இரண்டுக்கும் முகம் நிறையக் கண், இரண்டும் இருட்டில் வேலை பார்க்கிறவை. அழுங்கு என்கிற எறும்புதின்னிக்குப் பக்கத்தில் மரங்கொத்தி. சீசாவுக்குள் சுருண்ட மரவட்டைக்குப் பக்கத்தில், இன்னொரு அழுங்கு, அதுவும் சுருண்டபடி.

பாதிரியார் வந்து பார்த்தார். பறவை எல்லாம் ஒரு பக்கம், பால் கொடுக்கிறவை எல்லாம் ஒரு பக்கம் என்று இருபது வருஷமாக அடுக்கி வைத்திருந்த மனிதர். வேலை போயிற்று என்றுதான் இவள் நினைத்தாள். அவர் ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில், புத்தகத்தில் படித்த தமிழில், "இது என்னுடைய ஒழுங்கு அல்ல, அம்மா. ஆனால் இதுவும் ஒழுங்குதான்" என்றாராம். மற்றதையெல்லாம் அவர் வரிசைப்படியே மாற்றிவிட்டு, ஒரே ஒரு அலமாரியை மட்டும் அவள் வைத்தபடி விட்டுவிட்டார். கதவோரம் இருந்த அந்த அலமாரி அக்காவின் அலமாரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்துப் பிள்ளைகளை அழைத்துப்போய் அதைக் காட்டவும் அனுமதி கொடுத்தார்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் ஒரு கிரகணத்தைப் பற்றி.

வள்ளி வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது பகலில் சூரிய கிரகணம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சி கிரகணத்தன்று வெட்டக்கூடாது, தைக்கக்கூடாது, எதையும் கட்டி முடிச்சுப் போடக்கூடாது. பிள்ளைக்கு உதடு பிளக்கும், விரல் ஒட்டும் என்பார்கள். மாமியார் என்னை உள்ளறையில் விட்டு, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, மடியில் தர்ப்பையைப் போட்டு, கதவைச் சாத்தினார். அந்த அறையில்தான் லாரிக்குப் போகவேண்டிய பூண்டு குவிந்து கிடந்தது. பக்கத்திலேயே நார். இருட்டில் இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். நான் பூக்கட்டுகிற வீட்டுப் பெண், என் கை சும்மா இருக்காது. யோசிக்காமல் கட்டிவிட்டேன். இரண்டு கட்டு. மூன்றாவதற்கு நாரை எடுத்தபோதுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அவசர அவசரமாக அவிழ்த்துக் குவியலுக்குள் தள்ளினேன்.

வள்ளி பிறந்தாள். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனிவரை ஒட்டியிருந்தன. இரண்டு கட்டு, இரண்டு விரல்.

"அன்னைக்கு என்னத்தையாச்சும் கட்டுனியா, முடிஞ்சியா?" என்று மாமியார் கேட்டார்.

"பழனியாண்டவர் சத்தியமா இல்ல, அத்தை" என்றேன்.

பழனியில் பிறந்தவள், பழனியாண்டவர் மேல் பொய்ச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் மலையேறாமல், முடியவில்லை, கால்வலி என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடுவேன்.

பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கையைப் பார்த்தார்கள். பிறகுதான் முகம். அக்கா வந்தபோது நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். "யானையும் இப்படித்தான் புள்ள, முன்னங்காலுக்கு நடுவுல மாரு. வௌவாலுக்கும் அப்படியே" என்றாள். பிறகு குழந்தையின் கையை விரித்து, அந்த இரண்டு விரல்களையும் தன் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். எதையாவது சொல்லப்போகிறாள், சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியாமல் இருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையை மூடித் துணிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஜோடி கண்டுபிடிக்கிறவளுக்கே இதற்கு ஒரு ஜோடி கிடைக்கவில்லை. அன்று அதற்காகத்தான் அதிகம் அழுதேன்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, வெறும் தோல்தான், வளர்ந்த பிறகு பிரித்துவிடலாம் என்றார். மாமியார் கத்தி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்றுவிட்டார். நான் வேறு வழி கண்டுபிடித்தேன். வலது கை மட்டும் நான்கு விரற்கடை நீளமாக இருக்கும்படி ஸ்வெட்டர் பின்னினேன். ஒன்று அழுக்கானால் இன்னொன்று. இந்தக் குளிரில் யார் கேட்கப்போகிறார்கள்? வள்ளிக்கு ஐந்து வயது ஆகும்வரை அந்தக் கையைச் சந்துப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. இடது கையால் சாப்பிட்டால் மாமியார் திட்டுவார், வலது கையை எடுத்தால் நான் முறைப்பேன். அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்?

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். அப்போதெல்லாம் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, தொடாவிட்டால் ஆகவில்லை. ஹெட்மாஸ்டர் வரிசையாகப் பிள்ளைகளை நிறுத்திக் காதைத் தொடச் சொன்னார். வள்ளி என்னைப் பார்த்தாள். நான் என்ன முகம் காட்டினேனோ, கையை ஸ்வெட்டருக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"வயசு பத்தலம்மா. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க."

அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அழக்கூட இல்லை.

அந்த வருஷம் முழுவதும் பக்கத்து வீட்டுச் செல்வம் சிலேட்டும் பையுமாகப் பள்ளிக்கூடம் போவதை வள்ளி வாசலில் நின்று பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம், அக்காவின் அலமாரி. முதலில் நான் விடவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல், பிறகு விட்டேன். முதல் ஞாயிறு நானும் கூடப் போனேன்.

அக்கா பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, கையிலிருந்த கோழியிறகுக் குச்சியால் காட்டினாள்.

"இது என்ன?"

"அழுங்கு!"

"இது?"

"மரங்கொத்தி!"

"ஒண்ணுக்கு ரெக்கை, ஒண்ணுக்குச் செதிலு. ஒண்ணு மரத்துல, ஒண்ணு வளையில. ரெண்டும் எங்க ஒத்துப்போகுது?"

செல்வம் கையைத் தூக்கினான். "ரெண்டும் செத்துப்போச்சு, அக்கா."

"ஏலே, அத விட்டுட்டுச் சொல்லு." பிள்ளைகள் முழித்தன. "ரெண்டுக்கும் சோறு என்ன? எறும்பு. எறும்பு எங்க கெடக்கு? பொந்துக்குள்ள. பொந்துக்குள்ள வாய் போகுமா? போகாது. நாக்குதான் போகணும். அதான் ரெண்டுக்கும் நாக்கு இம்புட்டு நீளம், பசை வேற. இதப் பாத்து அது காப்பி அடிக்கல, அதப் பாத்து இது காப்பி அடிக்கல. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்ததுகூட இல்ல. சோலி ஒண்ணுன்னா ஆயுதமும் ஒண்ணு."

வள்ளி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அழுங்கின் செதிலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் அக்கா. "இது என்ன தெரியுமா? ஒன் நகந்தான். நகம், காட்டெருமைக் கொம்பு, இந்தச் செதிலு, மூணும் ஒரே சரக்கு." பிள்ளைகள் ஆளுக்கொரு நகத்தைக் கடித்துப் பார்த்தன. வள்ளி இடது கை நகத்தைக் கடித்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பயம். கண் ஆயிற்று, நாக்கு ஆயிற்று, நகம் ஆயிற்று. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை விரலுக்கு வருவாள்.

வந்தாள். அந்த ஞாயிறு நான் போகவில்லை. குழாயடியில் செல்வத்தின் அம்மா, "மிருக பங்களாவுல இன்னைக்கு ஒங்க வள்ளியத்தான் எல்லாரும் வேடிக்கை பாக்குறாங்களாம். கைய அலமாரிக்குள்ள வச்சிருக்காளாம்" என்றாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அலமாரியின் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. கீழ்த்தட்டில் ஒரு நீர்நாய், சிறகை விரித்த பழந்தின்னி வௌவால், ஒரு வாத்து, சீசாவில் ஒரு தவளை. நீர்நாய்க்கும் வௌவாலுக்கும் நடுவே, ஸ்வெட்டர் கையை முழங்கைவரை சுருட்டி, என் மகள் தன் வலது கையை விரித்து வைத்திருந்தாள். பிள்ளைகள் வரிசையாக நின்று குனிந்து குனிந்து பார்த்தன. செல்வம் தன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரல் இடுக்கில் தோலைத் தேடிக்கொண்டிருந்தான். "எனக்கு ஒண்ணுமே இல்லையே, அக்கா" என்று அவன் குரல் தழுதழுத்தது.

இதெல்லாம் பிறகு நினைத்துப் பார்த்தபோது தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது செத்த மிருகங்களுக்கு நடுவே என் பிள்ளையின் கை, அவ்வளவுதான். அந்தக் கையிலேயே ஒரு அடி அடித்து இழுத்தேன்.

"எம்புள்ள என்ன மிருகமா? செத்ததுகளோட சேத்து வச்சு வேடிக்கை காட்டுறியா? பிள்ளை பெத்திருந்தாத் தெரியும் ஒனக்கு!"

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அன்றுவரை அவளை "நீங்க" என்றுதான் பேசியிருந்தேன். அவள் எழுந்து, அலமாரிக் கதவைச் சாத்தி, கண்ணாடியில் வள்ளியின் விரல் பதிந்த இடத்தைத் துடைக்கப் போனாள். துடைக்காமல் விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் ஐந்தரை மணிக்கு அந்துருண்டை வாசம் எங்கள் வாசலில் நிற்காமல் கடந்துபோயிற்று. வள்ளி அடி வாங்கியதற்கு அழவில்லை. சாப்பிடும்போது மட்டும் சொன்னாள்:

"அக்கா என்னையச் சொல்லலம்மா. நீர்நாயும் வௌவாலும் வாத்தும் எங்க ஒத்துப்போகுதுன்னுதான் கேட்டுச்சு. யாருக்கும் தெரியல. எனக்குத்தான் தெரிஞ்சது. நானாத்தான் கைய எடுத்தேன்."

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

பள்ளிக்கூடம் சேர்க்கும் நாள் மறுபடியும் வந்தது. அதே ஹெட்மாஸ்டர், அதே வரிசை, சுற்றிலும் பெற்றவர்கள் கூட்டம். நான் வேண்டுமென்றே தலையைக் குனிந்துகொண்டேன். என் முகத்தைப் பார்த்து அவள் மறுபடியும் கையை இழுத்துக்கொள்ளக்கூடாது. அதைத் தவிர என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"காதத் தொடு, பாப்பா."

பிறகு யாரோ ஒரு அம்மாள் "ஐயய்யோ, விரலப் பாரு" என்றது கேட்டது. நிமிர்ந்தேன். வள்ளி ஸ்வெட்டரைச் சுருட்டிவிட்டு, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், ஒட்டிய இரண்டு விரல்களாலும் இடது காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இது என்னம்மா, கையில?"

"தோலு சார். நீர்நாய்க்கு இருக்கு, வௌவாலுக்கு இருக்கு, வாத்துக்கு இருக்கு, தவளைக்கு இருக்கு, எனக்கு இருக்கு. ஒங்களுக்கு இருக்கா சார்?"

அந்த மனிதர் நல்லவர். தன் கையை விரித்து, இடுக்கு இடுக்காகப் பார்த்தார். "எனக்கு இல்லையே, பாப்பா" என்றார், செல்வம் சொன்ன மாதிரியே. பேனாவை எடுத்துப் பேர் எழுதிக்கொண்டார்.

அந்தக் கையால்தான் வள்ளி எழுதினாள், நல்ல கையெழுத்து. பெரியவளான பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் விரல்களைப் பிரித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

சேர்த்த அன்று அவளை வகுப்பில் விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மிருக பங்களாவுக்கு நடந்தேன். அக்கா நீர்நாயை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"சேத்துட்டாங்களா?"

"சேத்துட்டாங்க."

"காதத் தொட்டாளா?"

"தொட்டா." அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புத்தான் கேட்க வந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. ஆறு வருஷமாக, கட்டிய புருஷனிடமும் பெற்ற தாயிடமும் சொல்லாதது. "அக்கா, நான் அன்னைக்குப் பூண்டு கட்டுனேன். கெரகணத்தன்னைக்கு. ரெண்டு கட்டு. இல்லேன்னு பழனியாண்டவர் மேல சத்தியம் பண்ணுனேன். எம்பிள்ளை கைய நாந்தான்க்கா கட்டுனேன்."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த நீர்நாயின் பாதத்தை எடுத்து, விரல்களை விரித்து, நடுவில் இருந்த தோலைப் பார்த்தாள்.

"ஏ பழனிக்காரி. இதுக்கு ஆத்தா எந்தக் கெரகணத்துல பூண்டு கட்டுனா?"

அந்தப் பாதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வௌவாலுக்கு நாலு விரலும்ல சேந்து கெடக்கு. அவ ஆத்தா ராவும் பகலும் கட்டி லாரியே ஏத்தியிருப்பா போல."

சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அழுகையும் கூடவே வந்தது. அவள் மேலேயே சாய்ந்துவிட்டேன். மூச்சு திரும்பியதும் கேட்டேன். "பிறந்தன்னைக்கே கையத் தடவிப் பாத்தீங்களே. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"பச்சை ஒடம்புக்காரிகிட்ட நீர்நாய்னு சொன்னா, வெளக்குமாத்த எடுத்திருப்ப."

எடுத்திருப்பேன்தான். "நான் அன்னைக்குப் பேசுன பேச்சு..." என்று ஆரம்பித்தேன். "குட்டியத் தொட்டா எல்லாந்தான் சீறும்" என்று சொல்லி முடித்துவிட்டு, நீர்நாயை என் கையில் கொடுத்தாள். "புடி. அந்த வாலப் பிடிச்சுக்க, அடிவயித்தத் தொடைக்கணும்."

பிடித்துக்கொண்டேன். அது முடிந்ததும் வௌவால், பிறகு வாத்து. பள்ளிக்கூடம் விடும் நேரம்வரை அங்கேயே இருந்து, வள்ளியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன இது, ஒம்மேல இப்படி அந்துருண்டை நாத்தம் அடிக்குது? போய் மொதல்ல தலைக்குத் தண்ணி ஊத்து. வெந்நி கெடக்கு."

உள்ளே போய் அடுப்பிலிருந்த வெந்நீரை இறக்கி, வள்ளியின் கையைக் கழுவிவிட்டு, அவளுக்குச் சோறு போட்டேன். அன்று நான் குளிக்கவில்லை.